அனலும் அளவையும்

திருச்சிற்றம்பலம்

ஐம்பூதங்களுள் நடுநின்றதாகிய தீ, ஏனைய நான்கினும் மக்களுக்கு அச்சமும் ஆதரவும் ஒருங்கே விளைப்பது. ஆலயத்தில் தீபாராதனையாய் நின்று இறைவன் திருமேனியைக் காட்டுவதும், வேள்விக் குண்டத்தில் நின்று ஆகுதியை ஏற்பதும், கூத்தப்பெருமான் திருக்கரத்தில் அமர்ந்து சங்காரத் தொழிலைக் குறிப்பதும் அதுவே. தென்பாண்டிச் சீமையில் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்னும் ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதியில் அத்தீ மக்கள் வாழ்வோடு இருவகையாற் பிணைந்து நிற்கின்றது. தீக்குச்சியும் மத்தாப்பும் பட்டாசும் செய்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கு உயிர்வாழ்கின்றன. அக்குடும்பத்தாரே பங்குனித் திங்களில் விருதுநகர் மாரியம்மன் திருமுன்னர் அக்கினிச்சட்டி ஏந்துகின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் கோவிலிற் பூக்குழி இறங்குகின்றனர். தொழிற்சாலையில் அனல் பொருளியல்பின் வழியே நிற்பது. கோவிலில் அதுவே அருளின் வழியே நிற்பதாகப் போற்றப்படுவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்குமோ, ஒருங்கு நிற்குமோ என்னும் வினா அச்சீமையிற் பன்முறை எழுந்துள்ளது. அதன் வரலாற்றை முறையே நோக்கிச் சைவ நன்மக்கள் கொள்ளத்தக்க முடிபு இன்னதென்று காண்டல் இக்கட்டுரையின் கருத்து.

1. மதுரையில் நிகழ்ந்த அனல்வாதம்

பாண்டிநாட்டுச் சமய வரலாற்றில் அனலைச் சான்றாக வைத்த நிகழ்ச்சிகளுள் தலையாயது திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரது அனல்வாதமாம். 7 ஆம் நூற்றாண்டில், நின்றசீர் நெடுமாறனாகிய பாண்டியன் சமண் சார்ந்திருந்த காலத்து, மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் வேண்ட, ஆளுடைய பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளினார். அரசனது வெப்புநோயைத் திருநீற்றால் தீர்த்தபின், இருதிறத்தாரும் தத்தம் ஏட்டை எரியில் இட, சமணர் ஏடு எரிந்தது. திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு பச்சென்று விளங்கிற்று. அதனால் அப்பதிகம் பச்சைப் பதிகம் எனப் பெயர் பெற்றது. இவ்வரலாற்றை விரித்துரைத்தவர் 12 ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான். எனினும் எரியில் இடினும் ஏடு பழுதுறாது என்னும் பொருளைப் பிள்ளையார் தம் திருவாக்கிலேயே வேறொரு நள்ளாற்றுப் பதிகத்துட் குறித்தருளினர்.

இந்நிகழ்ச்சியை நம்புவார் உளர், ஐயுறுவார் உளர். இருவரும் ஒன்றனைக் கருதாது விடுகின்றனர். அரசன் அந்நாளிற் சைவனாயினான் எனினும், சைவசித்தாந்த ஆசிரியன்மார் பிற்காலத்துச் சமணரையும் பௌத்தரையும் உலகாயதரையும் எதிர்கொண்டபோது, "எம் ஏடு எரியவில்லை, ஆதலின் எம் சமயமே மெய்" என்று வாதித்திலர். அற்புதத்தை அடியார் போற்றினர். ஆசிரியர் அளவையைக் கைக்கொண்டனர். இவ்வேறுபாடு பின்வருவனவற்றிற்கெல்லாம் திறவுகோலாம்.

2. ஐயுறவு சைவத்திற்குப் புதிதன்று

விஞ்ஞானம் வந்த பின்னரே கடவுளை மறுக்கும் ஐயம் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃதன்று. மணிமேகலையில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையிற் பூதவாதி தன் கொள்கையை மறைவின்றி உரைக்கின்றான். 13 ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கப் புகுந்தபோது முதற்கண் நிறுத்தியது உலகாயதத்தையே. கண்ணாற் காண்பதே பொருள். காணப்படாத கடவுளும் உயிரும் வினையும் இல்லை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணமும் கூடியவழிச் செந்நிறம் தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பது உலகாயதர் வழக்கு. இக்காலத்து ஐயவாதி கூறுவதன் சுருக்கம் இதனின் மிக்கதன்று. அதனைச் சித்தியார் இகழ்ந்து ஒதுக்கவில்லை. அவன் கூறுவதை அவன் கூறுமாறே முழுதும் கூறவிட்டு, அதன் பின்னரே மறுத்தார்.

சுபக்கத்தின் தொடக்கமாகிய அளவையியலும் இவ்வகையே கருதற்பாலது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுமே ஈண்டுத் தலைமையான அளவைகள். அவற்றுள் முதலது காட்சி. அக்காட்சியும் ஐயமும் திரிவும் நீங்கியதாதல் வேண்டும். மாலை மங்கலிற் குற்றியைக் கண்டு மகனோ என மயங்கல் ஐயம். பழுதையைப் பாம்பெனத் துணிதல் திரிவு. இவை நீங்காதவிடத்து அளவை இல்லை. அடுத்துக் கருதலளவைக்குத் தருக்க நூலார் காட்டும் பழைய உதாரணம் மலைமேற் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள நீங்காத தொடர்பு அடுக்களையிற் பன்முறை கண்டு உறுதி செய்யப்பட்டது. நெருப்பு ஒருகாற் சுட்டு ஒருகாற் சுடாது விடும் என்று கொள்ளின், அத்தொடர்பும் தளர்ந்து கருதலளவையே நிலைகுலையும். ஆதலின் பொருள்களின் இயல்பு மாறாதது என்னும் விஞ்ஞானியின் முதற்கொள்கை சைவனுக்குப் பகையன்று. அவன் அளவைக்கே அடிப்படையாம்.

காட்சியைச் சித்தியார் வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுத்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஐம்பொறி வாயிலாக வருவது ஒன்று மட்டுமே. இன்பமும் துன்பமும் ஒருவன் தன்னுள் உணர்வது தன்வேதனை. இதனைத் துலாக்கோலால் நிறுத்துக் காட்டல் இயலாது. அதுபற்றி இல்லையென மறுத்தலும் இயலாது.

3. அடைத்த கதவும் எழுந்த ஐயமும்

இனி விருதுநகர்ச் சீமைக்கு வருவோம். முன்னாளில் விருதுபட்டி எனப்பட்ட அவ்வூரும் சிவகாசியும் மழை குறைந்த கரிசல் நிலத்து எழுந்த வாணிக ஊர்கள். சிவகாசியின் பெயர்க்காரணம் காசியோடு தொடர்புடையதாக வழங்குகின்றது. தென்காசியில் கோவில் எடுத்த பராக்கிரம பாண்டியன் காசியினின்று கொணர்ந்த சிவலிங்கம் வழியிலேயே தங்கிவிட, அவ்விடமே சிவகாசியாயிற்று என்பர். அங்ஙனம் காசிநாதன் வலிய வந்து அமர்ந்ததாகக் கொண்டாடப்பெறும் ஊரிலேயே, அவன் சந்நிதிக் கதவு அன்பர் ஒருசாரார்க்கு அடைக்கப்பட்டது.

நாடார் குலத்தார் வாணிகத்தாற் பொருளீட்டி, மகமை என்னும் பொதுநிதி திரட்டி, கல்விச்சாலைகளும் அறச்செயல்களும் நடத்தி வந்தும், ஆலயத்துட் புகும் உரிமை பெற்றிலர். 1897 ஆம் ஆண்டு கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலில் அவர்கள் புகுந்ததன்மேல் எழுந்த வழக்கு இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908 இல் அவர்களுக்கு மாறாகவே முடிந்தது. சிவகாசியில் இவ்வுரிமை பற்றி மூண்ட பூசல் 1899 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெருங்கலகமாய் வெடித்து, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. கண்ணப்பரையும் திருநாளைப்போவாரையும் நாயன்மாராக வைத்துப் பூசிக்கும் சமயத்தார் ஆலயத்து வாயிலில் இது நிகழ்ந்தது என்பதை மறைத்தற்கில்லை.

பின் 1931 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கடவுள், சமயம், புராணம், சாதி என்பவற்றைக் கண்டித்து வந்த சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாம் மாகாண மாநாடு விருதுநகரிற் கூடியது. செங்கற்பட்டில் 1929 இலும், ஈரோட்டில் 1930 இலும் கூடியவற்றின் பின்னர் இவ்வூர் தெரிந்தெடுக்கப்பட்டது. முதல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி சவுந்தரபாண்டிய நாடார் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. சைவப் புலவர் பலர் அந்நாளில் இவ்வியக்கத்தை மேலைநாட்டு நாத்திக நூல்களின் விளைவு என்றே கொண்டனர். அந்நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டுப் பரவியது உண்மையே. ஆயினும் விதை மேலைநாட்டதாயினும், அது முளைத்த நிலம் அடைத்த கதவின் முன்னர் நின்றோர் உள்ளமே. பரிசோதனைச் சாலையிற் பிறந்த ஐயம் ஒன்று. அவமதிப்பிற் பிறந்த ஐயம் மற்றொன்று. முன்னதற்கு விடை தருக்கம். பின்னதற்கு விடை கதவைத் திறத்தலே. மறைமலையடிகள் "சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்" என நூல் இயற்றிச் சைவரைச் சைவரே திருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியது இதனாலேயாம். 1939 இல் மதுரை மீனாட்சி அம்மன் ஆலயத்தில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்து, 1947 இல் மாகாணம் முழுதுக்குமான சட்டம் நிறைவேறிய பின்னரே அவ்வையத்தின் வேர் ஒருவாறு அறுபடத் தொடங்கிற்று.

4. பூக்குழி பற்றிய ஆராய்ச்சி

மாநாடு கூடிய அக்காலத்தே சிவகாசி வேறோர் அனலால் பெயர்பெறத் தொடங்கியிருந்தது. 1922, 1923 ஆம் ஆண்டுகளில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, தம் ஊரில் அதனைத் தொடங்கினர். மத்தாப்பும் பட்டாசும் அதன்வழி வந்தன. குச்சி முனையிற் பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டிப் பக்கத்திற் செம்பாஸ்பரஸ். இரண்டும் உரசியவழியே தீப்பிறக்கும். பேரியம் பச்சை ஒளியும், ஸ்டிரான்ஷியம் செவ்வொளியும் தரும். இவை எவர் செய்யினும், எச்சமயத்தார் செய்யினும் ஒருதன்மையவே.

இவ்வண்ணம் தீயின் இயல்பை நாள்தோறும் கையாளும் மக்கள், நெருப்பின்மேல் நடக்கும் பூக்குழியை எங்ஙனம் கொள்வது? ஐயவாதிகள் இதனைச் சோதித்தனர். இலண்டனில் 1935 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஹாரி பிரைஸ் என்பார் முன்னின்று நடத்திய ஆராய்ச்சிக் கழகத்தார், காசுமீரத்தைச் சார்ந்த குடா பக்ஸ் என்னும் முகம்மதியரைத் தணற்குழியின்மேல் நடக்கச் செய்தனர். தணலின் மேற்பரப்பு வெப்பம் 430 டிகிரி சென்டிகிரேடு என அளக்கப்பட்டது. அவர் பாதம் மருந்து பூசப்பெறாதது என ஆராய்ந்து தெளிந்தனர். அவர் புண்படாது நடந்தார். 1937 இல் நடந்த சோதனையில், தவமும் நோன்பும் ஒன்றும் அறியாத ஆங்கிலேயர் ஒருவரும் பெருங்காயமின்றி நடந்தனர். மரக்கரியும் அதன்மேற் படிந்த சாம்பரும் வெப்பத்தை விரைந்து கடத்தும் இயல்பின அல்ல. ஒவ்வோர் அடியும் தணலில் ஒரு நொடிக்கும் குறைவாகவே படிகின்றது. ஆதலின் உறுதியாய் நடப்பார்க்குப் பெரும்பான்மையும் ஊறு இல்லை என்பது முடிபாயிற்று. அதே தணலில் உலோகத் தகடு இட்டு அதன்மேல் நிற்பின் எத்துணை அன்பரும் வெந்து போவர். பிற்காலத்துத் திராவிடர் கழகத்தார் கடவுள் இல்லை என முழங்கிக்கொண்டே தீச்சட்டி ஏந்தியும் தீமிதித்தும் காட்டியது இம்முடிபின் செயல்வடிவமே.

இதனாற் பூக்குழி பொய்யாயிற்றோ எனின், ஆகவில்லை என்க. பூக்குழி இறங்குவாள் ஒருத்தி அதனைப் பரிசோதனையாகச் செய்கின்றிலள். பிள்ளை நோயுற்ற நாளில் அம்மையை வேண்டினாள். பிழைத்தபின் நேர்ந்தபடி காப்புக்கட்டி நோன்பிருந்து நடக்கின்றாள். அச்செயலின் பொருள் நன்றி; தணலின் வெப்பக்கடத்தல் அதற்குப் புறம்பானது. மறுப்பான் நடந்து காட்டியது தணலின் இயல்பை மட்டுமே. அவள் நன்றியைப் பொய்யென்று காட்டிற்றிலன். ஆயினும், பூக்குழியில் கால் சுடாமையே தெய்வம் உண்டென்பதற்குச் சான்று என வாதித்த சைவர் உளரேல், அவர் தோற்றனர். அத்தோல்வி சமயத்திற்கு அன்று. அளவையல்லாததை அளவையாகக் கொண்டார்க்கே உரியது. அன்றியும், கால் வெந்தவளை அன்பில்லாதவள் எனவும் குற்றமுடையாள் எனவும் பழித்தல் அத்தவறான அளவையிற் பிறந்த கொடுமையாம்.

ஏறத்தாழ அக்காலத்தே அறிவுடைய சைவரும் விஞ்ஞானத்தையே அற்புதத்திற்குத் துணையாகத் தேடினர். மறைமலையடிகள் "யோக நித்திரை", "தொலைவில் உணர்தல்" முதலிய நூல்களில் மேலைநாட்டு மனவாராய்ச்சிகளை எடுத்துக்காட்டிச் சைவ யோக நெறிக்கு அரண் செய்ய முயன்றனர். முயற்சி நேர்மையானதே. ஆயின் தொலைவிலுணர்தல் முதலிய கொள்கைகளை விஞ்ஞான உலகம் பின்னர் மெய்யென ஏற்கவில்லை. இரவற் கோலை ஊன்றி நிற்பான், கோலுடையான் அதனை வாங்கிக்கொண்டால் வீழ்வான்.

5. திருச்சுழியல் தந்த விடை

விருதுநகர் மாவட்டத்திலேயே சுந்தரமூர்த்தி நாயனார் பாடல் பெற்ற திருச்சுழியல் உளது. அத்தலத்தில் 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் தோன்றியவர் வேங்கடராமன். பின் இரமண மகரிஷி எனப் புகழ்பெற்றவர். இளமையிற் பெரியபுராணம் படித்து அடியார் அன்பில் உருகிய அவர், 1896 இல் மதுரையில், பதினாறு வயதில், மரண பயம் ஒன்று தம்மைப் பற்ற, "இறப்பது உடலன்றோ, நான் யார்" என உள்நோக்கி நின்றனர். அந்நிகழ்ச்சியிற் புறத்தார் கண்ட அற்புதம் ஒன்றுமில்லை. நெருப்புக் குளிரவில்லை, நீர் எதிர்த்தோடவில்லை.

விருதுநகரில் மாநாடு கூடிய அதே 1931 ஆம் ஆண்டில் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர், இந்தியாவில் யோகிகளையும் வித்தைக்காரரையும் தேடித் திரிந்து, திருவண்ணாமலையில் மகரிஷியைக் கண்டனர். 1934 இல் வெளியான அவர் நூல், வியப்பு நாடிச் சென்றவர்க்கு வியப்பு ஒன்றும் காட்டப்பெறவில்லை என்பதையும், வினவும் "நான்" எது என்னும் வினாவே திருப்பி அளிக்கப்பெற்றது என்பதையும் கூறுகின்றது. சித்திகளை நாடுதல் ஞானத்திற்குத் தடை என்றே மகரிஷி கூறிவந்தனர். முத்தி நிலை பற்றி வேதாந்தத்திற்கும் சித்தாந்தத்திற்கும் உள்ள வேறுபாடு ஈண்டு ஆராயப்படுவதன்று. காண்பானைக் காணும் அறிவுக்குத் துலாக்கோலும் வெப்பமானியும் கருவியாகா என்பதும், அவ்வறிவுக்கு அற்புதமும் சான்றாக வேண்டுவதில்லை என்பதும் இருசாரார்க்கும் உடன்பாடு. யோகக்காட்சி எனச் சித்தியார் வகுத்தது இத்தகையதே.

6. வெடிவிபத்தும் வினைக்கொள்கையும்

ஐயவாதியின் வினாக்களுள் மிகக் கூரியது இனிக் கூறப்படுவது. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் அச்சீமையில் இத்தகைய வெடிகள் பல. மருந்து கலக்கும் அறையில் ஓர் உராய்வு, பெரும் வெயில், அளவுக்கு மேற்பட்ட ஆட்களும் மருந்தும் ஓரிடத்துக் குவிதல் ஆகிய இவை போதும். மாண்டார் வீட்டு வாயிலில் நின்று, "எல்லாம் அவரவர் வினை" என்று கூறுவார் உளர். அதுகேட்ட ஐயவாதி, "உங்கள் வினைக்கொள்கை குற்றவாளியைத் தப்புவித்து மாண்டவனைக் குற்றவாளி ஆக்குகின்றது" என்கின்றான். சைவர் இதற்கு விடை கூறியே ஆகவேண்டும்.

பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆகிய ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சித்தாந்தம் கூறுவது உண்மை. ஆயின் வினை சடம். தானே சென்று பற்றாது. இறைவன் ஆணையால், பூதங்களும் பிற உயிர்களும் வாயிலாக வந்து பொருந்தும். அங்ஙனம் வாயிலாய் நின்ற உயிர், அறிந்தோ அசட்டையாலோ தீங்கு செய்யின், அச்செயல் அதற்கு ஆகாமியமாய் ஏறும். பிராரத்தம் மாண்டவனுக்கு உரியதாயினும், ஆகாமியம் விதியை மீறி மருந்தைக் குவித்தவனுக்கும், கண்டும் காணாது விட்ட அதிகாரிக்கும் உரியது. பிறரது பிராரத்தம் எவர்க்கும் கண்கூடன்று. தன் கடமை எல்லார்க்கும் கண்கூடு. நோய் வினையால் வந்தது என்பதுபற்றி எவரும் மருத்துவனை விலக்குவதில்லை. ஆதலின் வினைக்கொள்கையை உண்மையாக உணர்ந்த ஆலைத்தலைவன், ஆயுதபூசையன்று மருந்தறைக்குத் தீபங் காட்டி அமைதல் அமையாது. அறைக்கு இத்துணைப் பேர், இத்துணை மருந்து என்னும் சட்டவிதியைத் திருவருள் ஆணையாகவே கொள்வான். பூசை மனத்தைத் தூய்மை செய்யும். உராய்வைத் தடுக்கும் வேலையை அதற்கு ஏற்றுதல் பூசைக்கும் இழுக்கு, தொழிலாளர் உயிர்க்கும் இறுதி.

வினைக்கொள்கை தன் குற்றத்தை ஆராய்தற்குத் தரப்பட்ட கண்ணாடி. அதனைப் பிறர் முகத்துக்கு நேரே பிடிப்பார் சித்தாந்தம் அறியாதார்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பொருள்களின் இயல்பை ஆராய்வது காட்சிக்கும் கருதலுக்கும் உரிய களம். அதில் விஞ்ஞானி கூறும் முடிபு நிலைபெற்றதாயின் சைவன் அதனை ஏற்பான். அது மாயாகாரியமாகிய உலகின் ஒழுங்கையே காட்டுதலின், அவ்வொழுங்கு மிகத் தெளிவாகுந்தோறும், உலகம் ஒரு கருத்தாவால் தொழிற்படுவது என்னும் சிவஞானபோத முதற்சூத்திரக் கருத்துக்கு அது பகையாகாது. ஐயவாதி, பொறிக்கு அகப்படாதது எதுவும் இல்லையென்று தன் களத்தைக் கடந்து கூறுவானாயின், அக்கூற்றே பொறிக்கு அகப்படாதது என்பதை அவனுக்கு அன்பொடு உணர்த்துக. சைவனும் தன் களத்தைக் கடந்து, தணல் சுடாமையையும் வித்தைகளையும் சிவனுக்குச் சான்றாக நிறுத்தாதொழிக.

ஆளுடைய பிள்ளையார் அனலில் இட்ட ஏடு வேகாது நின்றது அடியார் நெஞ்சில் நிலைபெற்ற செய்தி. எனினும் அவ்வேடு பதின்மூன்று நூற்றாண்டு கழிந்தும் வாழ்வது எரியாமையால் அன்று. அதிலுள்ள தமிழ் இன்றும் உயிர்களை இறைவன்பால் உருக்குதலால். சிவகாசித் தெருவில் நாள்முழுதும் தீப்பெட்டி ஒட்டி, மாலையிற் காசிவிசுவநாதர் சந்நிதியிற் கற்பூர ஒளி காணும் ஏழைத் தாய்க்கு, அனலின் இயல்பும் தெரியும், அருளின் இயல்பும் தெரியும். அவளுக்கு இவ்விரண்டும் பகையாகத் தோன்றவில்லை. அவள் பிள்ளைக்குத் திறந்த கோவிலும், அவளுக்கு அச்சமற்ற தொழிற்கூடமும் அமைத்தல் சைவ உலகத்தார் கடன். அது செய்யப்பெற்ற நாளில் ஐயவாதியின் வினாக்களிற் பாதி தாமே ஓயும். எஞ்சியவற்றிற்கு மெய்கண்டார் நூல் விடை தரும்.

சிவம்